வெண்கட்டி எடுக்க வயதெல்லை உண்டோ?

சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டு விறாந்தையில் ஒன்பது பேர் கூடுகிறார்கள். கடற்கரையோரமாகப் புகைவண்டி செல்லும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது எங்கள் வழக்கம். அவர்கள் மாணவர்கள், நான் ஆசிரியன். மாணவர்களுள் இளையவருக்கு வயது முப்பத்திரண்டு, மூத்தவருக்கு நாற்பத்தாறு. அனைவரும் சிறுவர்க்குக் கற்பிக்க விரும்புகிறவர்கள். ஆரம்ப வகுப்பு ஆசிரியர் என்ற பெயரை முறைப்படி பெற விரும்புகிறவர்கள்.

இவர்களுள் ஒருவர் கடைக்கணக்கு எழுதுபவர். இருவர் முன்பள்ளியிலே சிறு வேதனத்துக்கு உழைப்பவர்கள். ஒருவர் தனியார் சர்வதேசப் பாடசாலை ஒன்றிலே ஐந்து ஆண்டுகளாகக் கற்பிப்பவர். ஏனையோர் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின் தமக்கென ஒரு தொழிலைத் தேடுகின்ற தாய்மார். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகின்ற ஓர் அம்மையார், முதல் நாளன்று என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் என் காதிலே ஒலிக்கிறது.

"சேர், எனக்குப் பிள்ளைகளைத் தெரியும். பாடக்குறிப்பு எழுதத்தான் தெரியாது. அதைப் பழக எனக்கு இனி வயசிருக்கா?"

அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. விடை அவரது வயதைப் பொறுத்ததன்று, நாம் அமைத்து வைத்திருக்கும் வாயில்களைப் பொறுத்தது என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

நம் நாட்டிலே ஒருவர் ஆரம்ப வகுப்பு ஆசிரியராவதற்குரிய வழிகள் எவை? அமெரிக்க மாநிலங்களிலே ஆசிரியருக்கு உரிமம் என்ற பெயரிலேயே ஒரு பத்திரம் வழங்குகிறார்கள். அஃதின்றி ஒருவர் அரசாங்கப் பள்ளியின் வகுப்பறைக்குப் பொறுப்பேற்றல் அரிது. இலங்கையில் அப்பெயருடைய பத்திரம் இல்லை. 1994இல் அமைக்கப்பட்ட இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனம் பெறுதலும், பயிற்றப்பட்ட ஆசிரியர் என்ற தகைமையை அடைதலும் சேர்ந்தே இங்கு உரிமமாக அமைகின்றன. அதற்கு மூன்று பாதைகள் உண்டு.

முதலாவது, தேசிய கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் வழி வந்த இக்கல்லூரிகளிலே, உயர்தரத்திற் சித்தியெய்திய இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் பயின்று, மூன்றாம் ஆண்டைப் பாடசாலையிலே பயிலுநராகக் கழித்து, டிப்ளோமாப் பெற்று வெளியேறுகின்றனர். கோப்பாயிலும், வவுனியாவிலும், தாழங்குடாவிலும், அட்டாளைச்சேனையிலும், பத்தனையிலும் தமிழ் மொழிமூலம் பயிலும் வாய்ப்பு உண்டு. இரண்டாவது, ஆசிரியர் கலாசாலை. பயிற்சியின்றி நியமனம் பெற்றுக் கற்பித்துக்கொண்டிருப்பவர்கள் பின்னர் பயிற்சி பெறச் செல்லும் இடம் அது. மூன்றாவது, பட்டதாரிகளின் பாதை. பட்டம் பெற்றவர் போட்டிப் பரீட்சை மூலமோ வேறு வகையாலோ நியமனம் பெற்று, அதன்பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடிப்பது.

இம்மூன்றையும் ஊன்றி நோக்குங்கள். முதலாம் பாதை பயிற்சியை முன்னும் வகுப்பறையைப் பின்னும் வைக்கின்றது, அதுவே முறை. ஆயின், அதற்கு வயதெல்லை உண்டு. விடுதி வாழ்க்கையும் உண்டு. பாலர் வகுப்பிலே பிள்ளையை வைத்திருக்கும் தாயொருத்தி இரண்டு ஆண்டுகள் பத்தனையிலே தங்கிப் படித்தல் நடவாத காரியம். இரண்டாம் பாதையும் மூன்றாம் பாதையும் வகுப்பறையை முன்னும் பயிற்சியைப் பின்னும் வைக்கின்றன. ஆகவே, வயது வந்தபின் இத்தொழிலை நாடுபவருக்கு நாம் சொல்லும் விடை இரண்டேதான். ஒன்று, "கதவு மூடியாயிற்று." மற்றையது, "முதலில் வகுப்பறைக்குள் இறங்கு. நீந்துவதைப் பிறகு பழகலாம்."

கொட்டாஞ்சேனையிலிருந்து மகரகமைக்கு 112ஆம் இலக்க பஸ் ஓடுகிறது. மகரகமையிலேதான் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த தேசிய கல்வி நிறுவகம் இருக்கிறது. நாடு முழுவதற்குமான பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டி நூல்களும் அங்கேதான் உருவாகின்றன. அந்த அம்மையாருக்கு அந்நிறுவகம் ஒரு பஸ் பயணத் தூரம். ஆயினும் அவர் போன்றோர்க்கு அதனை விடத் தூரமான இடம் இந்நாட்டில் வேறில்லை.

"வயது வந்தோரும் ஆசிரியராகலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், தராதரம் என்னாவது?" என்று வாசகர் சிலர் வினவுவர். அது நியாயமான கேள்வி. அதனை அலட்சியம் செய்கிறவன் நான் அல்லன். ஏனெனில், தராதரமின்றி வகுப்பறைக்குள் இறக்கப்பட்டவர்களுள் நானும் ஒருவன்.

1979ஆம் ஆண்டு, எனக்கு இருபத்தொரு வயது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றுக்கொண்டிருந்த காலம். மலையகத்திலே ஒரு தோட்டத்துப் பாடசாலைக்கு என்னை அனுப்பினார்கள். கையிலே நியமனக் கடிதம். மேசைமேல் ஒரு பெட்டி வெண்கட்டி. முன்னாலே அறுபது பிள்ளைகள். எழுத்தை எவ்வாறு அறிமுகம் செய்வது, கூட்டலுக்கு முன் எதைக் கற்பிப்பது, ஒரு பிள்ளை மௌனமாயிருந்தால் அதன் பொருள் என்ன என்பன பற்றி யாரும் எனக்கு ஒரு சொல்லும் சொன்னாரில்லை.

அவ்வகுப்பிலே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். கரும்பலகையில் நான் எழுதியதை அவன் ஒருநாளும் சரியாகப் பார்த்து எழுதியதில்லை. ஒரு வரியை விடுவான்; 'ப'வை 'ய' என்பான்; கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்ப்பான். அதனைக் குறும்பு என்று கருதினேன். மந்த புத்தி என்று முடிவு செய்தேன். வாங்கிலே பின்வரிசைக்கு அனுப்பினேன். பிரம்பையும் எடுத்தேன் என்று எழுத இன்று கை கூசுகிறது.

மூன்று ஆண்டுகளின்பின் ஆசிரியர் கலாசாலைக்குச் சென்றேன். இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ, ஒரு விரிவுரையாளர் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையை வகுப்பறையிலே அடையாளம் காண்பது எப்படி என்று விளக்கினார். வரியை விடுதல், ஒத்த வடிவுள்ள எழுத்துக்களை மாறாட்டம் செய்தல், கண்ணைச் சுருக்குதல் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அச்சிறுவனின் முகம் என் முன்னே வந்து நின்றது. முன்வரிசையிலே இருத்தியிருந்தால் போதும். ஒரு மூக்குக்கண்ணாடி கிடைத்திருந்தால் அதனினும் நன்று. விடுமுறையிலே தோட்டத்துக்குச் சென்று விசாரித்தேன். அவன் பாடசாலையை விட்டுவிட்டான்; கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள்.

நான் தொழில் பழகினேன். அதற்குரிய கூலியை அவன் கொடுத்தான். இன்றும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலே, ஐம்பது வயதைக் கடந்த யாரேனும் ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதைக் கண்டால், நான் சற்று நின்று அவர் முகத்தை நோக்குவேன்.

ஆகவே, பயிற்சியின்றி எவரும் வகுப்பறையில் தனியே நிற்கக்கூடாது என்பதிலே எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆயின் இந்த உண்மையை மறந்தவர்கள் வயது வந்த மாணவர்கள் அல்லர். நமது நிர்வாகமே அதனைத் திரும்பத் திரும்ப மறந்து வருகின்றது. 2015ஆம் ஆண்டையொட்டி மலையகப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் பேரளவில் ஆசிரிய உதவியாளரை நியமித்தார்கள். உயர்தரத்திற் சித்தியெய்திய அவ்விளைஞர்களுக்குத் தொடக்கத்திலே மாதம் 6,000 ரூபாவும், பின்னர் 10,000 ரூபாவுமே கொடுப்பனவாகக் கிடைத்தன. முழு ஆசிரியரின் வேலை, உதவியாளர் என்ற பெயர், பயிற்சியோ பின்னால். என் காலத்திலிருந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தும், வண்டியையும் மாட்டையும் பூட்டும் முறை மாறவில்லை. மலையகத்துப் பிள்ளையின் வகுப்பறையிலேதான் இப்பரிசோதனைகள் பெரும்பாலும் நடைபெறுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே சென்னை எழும்பூரிலே படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நம்மவர் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதை ஒரு முறையாக வகுத்து 1797இல் இலண்டனிலே நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்று அது உலகெங்கும் பரவிற்று. நமது திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை ஆங்கில நாட்டுக்குக் கப்பலேறிய கதை இது. ஆயினும், மலிவாக இருந்த அம்முறை போதாது என்பதை அந்நாட்டினர் அறிந்துகொண்டனர். 1846இல் மாணவ ஆசிரியர் முறையை ஏற்படுத்தி, பதின்மூன்று வயதிலிருந்து ஐந்து ஆண்டுகள் தலைமையாசிரியர் ஒருவரின்கீழ் பழகவேண்டும் என்று விதித்தனர். கற்பித்தல் என்பது அருகிருந்து பழகவேண்டிய ஒரு தொழில் என்ற எண்ணம் அங்கே சட்டமாயிற்று.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் நோக்குவோம். இந்தியாவிலே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியை விதித்தது. அத்தகுதியில்லாதோர் தொகை பெரிதாயிருந்தமையால், 2017இல் சட்டத்தைத் திருத்தி, 2019 மார்ச் 31 வரை தவணை கொடுத்தார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தொடக்கக் கல்வி டிப்ளோமாவிலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தனர். வேலையிலிருந்துகொண்டே, தொலைக்காட்சியும் இணையமும் வழியாகப் படித்தார்கள். பின்னர் 2025 செப்டெம்பர் முதலாந் திகதி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்விலும் சித்தியெய்த வேண்டும் என்று இந்திய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டுகள் கற்பித்தவர் மீண்டும் பரீட்சை மண்டபத்திலே அமர வேண்டிய நிலை. தகுதி வேண்டும் என்பது சரியே. ஆனால் அதனை வாயிலிலே கேளாமல், வீட்டினுள்ளே இருபது ஆண்டுகள் இருந்தவரிடம் கேட்பது யாருக்கும் இன்பம் தருவதன்று.

இனி, என் விறாந்தைக்கு மீள்வோம். வயது வந்த மாணவரிடம் உள்ள குறை என்ன, நிறை என்ன என்பதை நான் கண்டவாறு கூறவேண்டும்.

அவர்களுடைய பெருங்குறை அறியாமையன்று. தாம் படித்த பள்ளிக்கூடத்தை மறக்க முடியாமையே. இருபது வயது இளைஞன் வெற்றுத் தாள். நாற்பது வயதுக்காரர் எழுதி நிறைந்த தாள். முதலில் அழிக்க வேண்டும். தமிழ் எழுத்தைத் தொடங்குவது எப்படி என்று ஒருநாள் கேட்டேன். "'அ'வன்னாவில்தான், என் அம்மம்மா எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தா" என்றார் ஒருவர். எளிய வடிவுள்ள ட, ப, ம முதலிய எழுத்துக்களை முதலிற் கொடுத்து, 'படம்' என்ற சொல்லைப் பிள்ளை தானே கூட்டி வாசிக்கச் செய்யும் முறையை விளக்கியபோது, அவருடைய முகம் வாடியது. அம்மம்மாவை நான் குறை சொன்னதாக நினைத்துவிட்டார். அடுத்த கிழமை தம் அயல்வீட்டுப் பிள்ளையிடம் அதனைச் செய்து பார்த்துவிட்டு வந்தார். "மூன்றே நாளில வாசிக்குது சேர்" என்றார். அன்று அழிந்த எழுத்து ஒன்று.

கொட்டாஞ்சேனை அம்மையாரின் கதை அதனினும் பெரிது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதிலே அயலில் அவருக்கு நற்பெயர். ஒரு சனிக்கிழமை, அயலிலுள்ள ஆறு வயதுப் பிள்ளைகள் எண்மரை அழைத்துவந்து, கழித்தலைக் கற்பிக்குமாறு அவரிடம் கூறினேன். டிமைத் தாளிலே அழகான படம் வரைந்து வந்தார். முப்பது நிமிடங்கள் தெளிவாகப் பேசினார். பிள்ளைகளும் அடங்கியிருந்து, அவர் சொன்ன விடைகளைத் திருப்பிச் சொன்னார்கள். கேட்டிருந்த எட்டு மாணவரும் கைதட்டினார்கள். பின்னர் நான் ஒரு பிள்ளையின் கையிலே ஏழு புளியங்கொட்டைகளைக் கொடுத்து, "மூன்றை எனக்குத் தா, உன்னிடம் மீதி எத்தனை?" என்றேன். அப்பிள்ளை ஏழையும் என்னிடமே தந்துவிட்டது.

அம்மையார் ஒன்றும் பேசவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்று எண்ணினேன். அடுத்த சனிக்கிழமை ஒரு பை நிறையப் புளியங்கொட்டையும் சோடா மூடியும் கொண்டு வந்தார். அன்று அவர் பேசியது ஐந்து நிமிடங்கூட இராது. பிள்ளைகள் கொடுத்தார்கள், வாங்கினார்கள், சண்டையிட்டார்கள், எண்ணினார்கள். விறாந்தை சந்தையாயிற்று. இந்த நாட்டு ஆரம்பக் கல்வியிலே 1990களின் இறுதியிற் செய்த சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றையும் வகுப்பறைக்கு வகுத்துக் கொடுத்ததன் காரணத்தை, அவர் எந்த விரிவுரையாலும் அறியவில்லை. அப்பிள்ளை நீட்டிய ஏழு கொட்டைகளால் அறிந்துகொண்டார்.

நிறையோ, எந்தக் கல்லூரியும் கொடுக்க இயலாதது. பசியோடு வந்த பிள்ளையை இவர்கள் முகத்தைப் பார்த்தே அறிகிறார்கள். காய்ச்சல் வருமுன் அதன் சோர்வை அறிகிறார்கள். பெற்றோரிடம் பேசத் தெரிகிறது. ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்கத் தெரிகிறது. கொழும்பின் வகுப்பறைக்கு இன்னொன்றும் வேண்டும். கொட்டாஞ்சேனை வகுப்பு ஒன்றிலே யாழ்ப்பாணத்துப் பேச்சும், மலையகத்துப் பேச்சும், முஸ்லிம்களின் பேச்சும், வீட்டிலே பாதி சிங்களம் பேசும் பிள்ளையின் பேச்சும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும். என் மாணவியருள் யாழ்ப்பாணத்தவர் ஒருவர், தாம் பார்வையிடச் சென்ற வகுப்பிலே ஒரு சிறுவன், "புது டீச்சர் என்கூடப் பேசினாங்க" என்று மகிழ்ச்சியோடு சொல்லித் திரிந்ததைக் கேட்டு மனம் நொந்துவிட்டார். "நான் அந்தப் பிள்ளையைப் பேசவே இல்லையே சேர்!" என்றார். அவர் ஊரிலே பேசுதல் என்றால் ஏசுதல். உரையாடினால் அது கதைத்தல். அச்சிறுவனோ, டீச்சர் தன்னோடு அன்பாகக் கதைத்ததைத்தான் சொன்னான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆயினும் அச்சிரிப்பினுள்ளே ஒரு பாடம் இருந்தது. பலவூர் மக்களோடு வாழ்ந்து பழகியவர்க்கு அப்பாடம் விரைவில் விளங்கும்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமாபுரியின் ஏழை மக்கள் குடியிருப்பிலே தமது முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியது பயிற்றப்பட்ட ஆசிரியையை அன்று. அக்கட்டடத்துக் காவலாளரின் மகளை. அதனைக் கொண்டு, பயிற்சியே வேண்டாம் என்று வாதிப்பவர்களும் உளர். அவர்கள் பாதிக் கதையை மட்டுமே சொல்கிறார்கள். அப்பெண்ணுக்கு அருகிலே நின்று, என்ன செய்யவேண்டும், என்ன செய்யலாகாது என்று காட்டிக்கொடுக்க மொண்டிசோரியே இருந்தார். அந்த அம்மையார் அறுபத்தொன்பதாம் வயதிலே சென்னைக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றியவர். 1944இல் இலங்கைக்கும் வந்தவர். பயிற்றுவதற்கு வயதெல்லை இல்லையாயின், பயில்வதற்கு மட்டும் ஏன்?

அமெரிக்க நாட்டிலே பொஸ்டன் நகரத்தில் 2003இல் தொடங்கிய ஒரு முறை இங்கு நினைவுகூரத்தக்கது. வேறு தொழில்களிலிருந்து வருவோரையும் ஏற்று, வைத்தியசாலையிலே இளம் வைத்தியர் பழகுவது போல, அனுபவமிக்க ஓர் ஆசிரியரின் வகுப்பறையிலே ஓராண்டு முழுவதும் அருகிருந்து பழகச் செய்கிறார்கள். அதன் பின்னரே வகுப்பு கையளிக்கப்படும். நமது கல்வியியற் கல்லூரிகளின் மூன்றாம் ஆண்டும் இதே கருத்தின் வழி வந்ததே. ஆகவே நாம் கடன் வாங்க வேண்டியது எதுவுமில்லை. நம்மிடம் உள்ளதை, வயது வந்தோரும் எட்டக்கூடிய இடத்தில் வைக்கவேண்டியதே எஞ்சியுள்ளது.

என் துணிபு இதுவே. கல்வியியற் கல்லூரியின் டிப்ளோமாவுக்கு எவ்வகையிலும் குறையாத ஒரு பயிற்சியைக் கொழும்பிலே, தமிழ் மொழிமூலம், வார இறுதிகளிலும் மாலை வேளைகளிலும் நடத்தவேண்டும். இரண்டு ஆண்டுகள் போதாவிடின் மூன்று ஆண்டுகள் ஆகட்டும்; வயது வந்தவர்கள் காலத்துக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர். வாரத்தில் ஒரு காலை வேளையாவது, தம் வீட்டுக்கு அண்மையிலுள்ள பாடசாலையில், அனுபவமிக்க ஆசிரியர் ஒருவரின் அருகிலே அவர்கள் நிற்கவேண்டும். அவ்வாறு பழக்கிவிடும் ஆசிரியருக்கு அதன்பொருட்டு ஒரு கொடுப்பனவும், பாடவேளைக் குறைப்பும் அளிக்கவேண்டும். ஓசியிலே குருவாயிருக்க எவரையும் வற்புறுத்தலாகாது.

பரீட்சையும் வேண்டும், கடுமையாகவே வேண்டும். ஆயின் அது மூன்று மணிநேரம் எழுதும் பரீட்சையாக மட்டும் இருத்தல் கூடாது. வெவ்வேறு தவணைகளிலே, முன்னறிவித்தல் இன்றியும், பரிசோதகர் வகுப்பறைக்கு வந்து பார்க்கவேண்டும். அவர் ஆசிரியரின் பேச்சை அல்ல, பிள்ளையின் கையை நோக்கவேண்டும். நானும் பரிசோதகனாகச் சென்ற காலத்திலே அமைதியான வகுப்புக்குப் புள்ளி கூட்டியும், சத்தமுள்ள வகுப்புக்குப் புள்ளி குறைத்தும் வந்தவன். அச்சத்தங்களுள் எத்தனை புளியங்கொட்டைச் சத்தமாயிருந்தனவோ! அப்பரீட்சையிலே தேறும்வரை, எவ்வளவு வயதானவராயினும், எவ்வளவு பற்றாக்குறை நிலவினாலும், எவரும் தனியே ஒரு வகுப்புக்குப் பொறுப்பாகலாகாது.

"வேலைக்காக இளைஞர்கள் காத்துக் கிடக்கையிலே, வயது வந்தோர்க்கு இடம் ஏது?" என்ற ஆட்சேபம் ஒன்று உண்டு. அதுவும் வலுவுள்ளதே. நான் கேட்பது நியமனத்தை அன்று, தகைமையை. அரசாங்க நியமனம் எல்லோர்க்கும் கிடையாமற் போகலாம். ஆனால், இன்று கொழும்பிலே எத்தனையோ பிள்ளைகள் அரசாங்கப் பாடசாலைக்கு வெளியேயும் கற்கிறார்கள். சர்வதேசப் பாடசாலைகள் பல கம்பனிச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற வணிக நிறுவனங்கள். அங்கே கற்பிப்பவரிடம் பயிற்சிப் பத்திரம் உண்டோ என்று கேட்பார் அரிது. முன்பள்ளியிலும் வீட்டு வகுப்புகளிலும் நிலைமை அதுவே. ஆகவே, இந்த வயது வந்தோர் நாம் கதவைத் திறந்தாலும் திறவாவிட்டாலும் கற்பிக்கத்தான் போகிறார்கள். இப்போதே கற்பித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழகியவராய்க் கற்பிப்பதா, பழகாதவராய்க் கற்பிப்பதா என்பதொன்றே நம் கையில் உள்ளது.

செலவு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. விரிவுரையாளருக்கும், வழிகாட்டும் ஆசிரியருக்கும், பரிசோதகரின் பயணத்துக்கும் பணம் வேண்டும். மாணவரிடமிருந்து ஒரு பகுதியை அறவிடலாம். ஆயின், முன்பள்ளியிலே சிறு வேதனம் பெறுபவர் கொடுக்கக்கூடிய அளவாக அது அமைய வேண்டும். இலவசக் கல்வியை 1945இல் ஏற்படுத்திய நாடு இது. கன்னங்கரா அவர்களின் காலத்திலும் பணம் இல்லை என்றே பலர் சொன்னார்கள். பயிற்றப்படாத ஆசிரியரால் ஏற்படும் செலவு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் பதியப்படுவதில்லை. அது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கணக்கிலே எழுதப்பட்டுவிடுகிறது.

கல்வியமைச்சினரும் மாகாணக் கல்விப் பகுதியினரும் இதனைச் சிந்திப்பார்களாக. அவர்கள் சிந்திக்கும்வரை, கொழும்பிலே ஓய்வுபெற்று வாழும் ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டு விறாந்தையிலே நான்கு கதிரைகளைப் போடுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கேட்பார் பலர் இருக்கிறார்கள். அது பத்திரம் தராது. ஆயினும் ஒரு பிள்ளையையாவது பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவரும்.

கொட்டாஞ்சேனை அம்மையார் சென்ற சனிக்கிழமை ஒரு பாடக்குறிப்பு எழுதி வந்தார். குறிக்கோள், துணைச்சாதனம், நேரம், மதிப்பீடு எல்லாம் முறையாக இருந்தன. கடைசி வரியாக, யாரும் கேளாத ஒன்றையும் எழுதியிருந்தார்: தம் வகுப்பிலே யார் யார் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள் என்று கவனிக்கவேண்டும் என்று. என் கதையை நான் ஒருமுறைதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன்.

"சரியா சேர்?" என்று கேட்டார்.

"சரி பிள்ளை" என்றேன். அவருடைய முதற் கேள்விக்கும் அதுவே என் விடை. அதனைப் பத்திரமாக எழுதி முத்திரையிட்டுக் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. அது உள்ளவர்கள் கொடுப்பார்களா?